வெந்நீர் விடுதியில் எடுத்த படம்

யப்பானுக்குப் போய் வந்த கதையை எங்கள் வீட்டில் என் கணவர்தான் சொல்வார். அவர் யப்பானுக்குப் போனதில்லை. ஆனாலும் வந்தவர்கள் தேநீர் குடித்து முடிந்ததும் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி ஆரம்பித்துவிடுவார்.

"உது இவ யப்பானிலை நிண்டு எடுத்தது. கடற்கரையிலை பழைய காலத்து ஹோட்டல். நிலத்துக்குள்ளையிருந்து சுடுதண்ணி தானா வருமாம். ராசாத்தி மாதிரி வைச்சிருந்திருக்கிறாங்கள்."

படத்தில் நான் நீலமும் வெள்ளையுமான யப்பானிய அங்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தலைமயிர் ஈரமாக, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறேன். பின்னால் கடல். கீழ் மூலையில் கமரா தானாகவே அடித்த திகதி, செம்மஞ்சள் நிறத்தில். அந்தத் திகதியில்தான் கொழும்பில் என் அம்மாவை எரித்தார்கள். எனக்கு அது தெரியாது. என் கணவருக்குத் தெரியும். பிக்கரிங்கில் இருந்த அண்ணாவுக்குத் தெரியும். எங்கள் கட்டிடத்து லிஃப்டில் தலையாட்டிவிட்டுப் போகும் ஆட்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்தப் படத்தை நான் பல தடவை கழற்றியிருக்கிறேன். அவர் திரும்பவும் மாட்டிவிடுவார். "நல்ல படம், ஏன் கழட்டுறீர்?" என்பார். அவர் வேண்டுமென்று அப்படிக் கேட்பதில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்பதுதான் எனக்குக் கொதிப்பு.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இரண்டு அறைகளுக்குள் நெருக்குப்பட்டுக்கொண்டிருந்தோம். நான் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். முதலாளிகள் யப்பான்காரர். புதிய மொடல் கார் ஒன்றுக்கு வேலை தொடங்கவிருந்ததால், லைனில் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டு பேரை யப்பானுக்கு அனுப்பிப் பழக்குவதென்று தீர்மானித்தார்கள். ஒன்று நான். மற்றது ஒரு பிலிப்பீன்ஸ்காரப் பெண். நல்ல பகிடிக்காரி. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போட் இருக்கா?" என்பதுதான்.

இருந்தது. எங்கள் சொந்தத்திலேயே கனடாப் பாஸ்போட் முதலில் எடுத்தவள் நான். அண்ணா எனக்குப் பிறகு அகதியாக வந்தவர். பிக்கரிங்கில் கடன் பட்டு வீடு வாங்குமளவுக்கு வந்துவிட்டார், ஆனால் பேப்பர் முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அதனால் அம்மாவைப் பார்க்கப் போகக்கூடிய பிள்ளை நான் ஒருத்திதான். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே இரண்டு பிள்ளைகள்.

அம்மா அப்போது யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டு மேல்மாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசி எடுப்பேன். கோடு எப்போதும் இரையும். நான் சொல்வது அங்கே போய்ச் சேர்வதற்கிடையில் அம்மா வேறொன்று சொல்லத் தொடங்கிவிடுவார். பாதி நேரம் இரண்டு பேரும் "என்ன? என்ன?" என்று கேட்டே முடிந்துவிடும்.

யப்பானுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது, "அது எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் கிட்ட அம்மா."

"எவ்வளவு கிட்ட?"

"இஞ்சையிருந்து வாறதிலை அரைவாசித் தூரம் வருமோ தெரியாது."

"அப்ப நீ எங்கட பக்கம் வாறாய்" என்றார். சத்தமாகத் திரும்பிப் பெரியம்மாவுக்கும் சொன்னார்: "மகள் எங்கட பக்கம் வாறாளாம்."

வந்துவிட்டுப் போகச் சொன்னார். கொம்பனி ரிக்கெற், கொம்பனி நாள், அப்படித் திரும்ப முடியாது, அடுத்த வருடம் பிள்ளைகளோடு வருகிறேன் என்றேன். அம்மா அடம்பிடிக்கவில்லை. "சரி. அப்ப அங்கை நிண்டு ஒருக்கால் எடு. கிட்டவிருந்து கதைச்சால் குரல் வடிவாக் கேக்கும்" என்றார். தொலைபேசிக் குரல் பக்கத்து வீட்டுக் குரல்போலத் தூரம் குறையக் குறையத் தெளியும் என்று அவர் நம்பினார். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படி இருந்தால் நல்லாயிருக்கும் என்றுதான் இருந்தது.

யப்பானில் தொழிற்சாலை விடுதியில் நாங்கள் தங்கினோம். அங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கக்கூடிய தொலைபேசி இல்லை. பயிற்சி முடிந்ததும் எங்களைக் கடற்கரை விடுதி ஒன்றுக்குக் கூட்டிப் போவார்கள், அங்கே வெளிநாட்டுத் தொலைபேசி இருக்கிறது என்று மொழிபெயர்க்க வந்த இளம் பெண் சொன்னாள். தொலைபேசி அட்டை ஒன்று வாங்கித் தந்தவளும் அவள்தான். அம்மாவுக்கு எடுக்கவென்று அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்தேன்.

அந்த விடுதியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. கரையோரமாக ஓடும் சின்ன ரயிலில் போய் இறங்கி, பிறகு மலையை ஒட்டிய தெருவில் பஸ்ஸில் போனோம். பழைய மரக்கட்டிடம். வாசலில் கிமோனோ உடுத்த பெண்கள் வரிசையாக முழந்தாளிட்டு நெற்றி நிலத்தில் முட்டுமளவுக்குக் குனிந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பெட்டியோடு பிலிப்பீன்ஸ்காரிதான் நின்றாள்.

செருப்பை வாசலில் கழற்றுவதில் நாங்கள்தான் பெரிய ஆட்கள் என்று நினைத்திருந்தேன். யப்பான்காரர் எங்களை வென்றுவிட்டார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு விறாந்தைக்கு ஒரு செருப்பு. அறைக்குள் புற்பாய் விரித்த தரையில் அதுவும் கூடாது. கழிப்பறைக்கு வேறொரு சோடி, அது அந்தக் கதவைத் தாண்டி வரக்கூடாது. பிலிப்பீன்ஸ்காரி கழிப்பறைச் செருப்போடு விறாந்தையில் உலாத்தி, அறைப் பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

அறையில் கட்டில் இல்லை. நிலத்தோடு பதிவான ஒரு மேசை, இரண்டு தட்டை மெத்தை, மூலையில் ஒரேயொரு பூ. ஜன்னல் முழுக்கக் கடல். நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்கிடையில் யாரோ வந்து மேசையை ஒதுக்கிவிட்டுப் படுக்கை விரித்துவிடுவார்கள் என்று மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள். எனக்கு யாரும் படுக்கை விரித்துத் தந்து எத்தனை வருடம் என்று நினைத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று, வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்து, படுக்கையில் விழுகிறவளுக்கு அது பெரிய விஷயம். அந்த நிமிடத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கப்போவதில்லை.

குளிக்கிற விதிகளை அந்தப் பெண் விளக்கமாகச் சொன்னாள். முதலில் வெளியே சின்ன முக்காலியில் இருந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகுதான் வெந்நீர்க் குளத்துக்குள் இறங்க வேண்டும். உடுப்பு எதுவும் கூடாது. எல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் அந்தக் கடைசி விதி எனக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. குறுக்குக்கட்டு உடுப்பா என்ன? கிணற்றடியில் நெஞ்சுக்கு மேலே துணியை முடிந்துகொண்டு குளித்து வளர்ந்த எங்களுக்கு அது உடம்பில் ஒரு தோல் மாதிரி. குறுக்குக்கட்டோடு நிற்கிற பெண்ணை உடுத்திருக்கிறாள் என்று யாரும் சொல்வதில்லை, குளிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

என் பெட்டியில் பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்று இருந்தது. அம்மா கொழும்பிலிருந்து மிளகாய்த்தூளோடு யாரிடமோ கொடுத்தனுப்பியது. அதை முடிந்துகொண்டு போனேன். உள்ளே யப்பானியப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கிழவிகளும் குமரிகளும், பிறந்த மேனிக்கு முக்காலிகளில் இருந்தார்கள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வாளி தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினேன். அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. சவுக்காரம் போட்டேன், கழுவினேன், ஈரத் துணியோடு எழும்பிப் போய் வெந்நீருக்குள் காலை வைத்தேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள்.

பணிப்பெண் ஓடி வந்தாள். குனிந்து மன்னிப்புக் கேட்டபடி என் நெஞ்சைக் காட்டினாள். முடிச்சு இளகிவிட்டதாக்கும் என்று நினைத்து இன்னும் இறுக்கி முடிந்தேன். அவள் இன்னும் தாழக் குனிந்தாள். நான் இன்னும் இறுக்கினேன். இனி மூச்சு விட முடியாது என்ற நிலையில், குளத்துக்குள் இருந்த ஒரு பெருத்த மனுஷி சட்டென்று எழும்பி நின்றார். தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார், சுற்றியிருந்தவர்களைக் காட்டினார், என் துணியைக் காட்டிக் கையை வீசினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவிழ்த்தேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் தங்கள் கதைக்குத் திரும்பிவிட்டார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே பாறைகளுக்கு நடுவில் இன்னொரு குளம், கடலைப் பார்த்தபடி. முகத்தில் குளிர் காற்று, கழுத்துக்குக் கீழே சூடு. தண்ணீர் உதட்டில் உப்பாகப் பட்டது. என் முழங்கால்கள், தொழிற்சாலைச் சீமெந்துத் தரையில் நின்று நின்று மரத்துப்போன அந்த முழங்கால்கள், எனக்குத் திரும்பக் கிடைத்தன. நான் சிரித்தேன். பிலிப்பீன்ஸ்காரி, "நீ முடிச்சை இறுக்கினாய், அவள் அழப்பார்த்தாள்" என்று நடித்துக் காட்டினாள். திரும்பவும் சிரித்தேன். அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "சீ, வெக்கங்கெட்டவளே" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிழவியளுமோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு அப்போதே காதில் கேட்டது.

அப்போது அம்மா இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மாரடைப்பு. காலையில் முகம் கழுவப் போனவர் அப்படியே இருந்துவிட்டாராம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல், விறாந்தை முடிவில் இருந்த தொலைபேசிக்குப் போனேன். ரொறொன்ரோவில் விடியப்போகிற நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எழும்ப முதல் வீட்டுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாக அம்மாவோடு கதைப்பது என்று எண்ணம். என் கணவர் முதல் மணியிலேயே எடுத்தார். நெருப்பு அலாரம் அடித்தாலும் மறுபக்கம் திரும்பிப் படுக்கிற மனுஷன் அவர். பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது.

"ஆரது?"

"ரீவி."

"பிள்ளையள்?"

"நித்திரை. சுகமா இருக்குதுகள். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

"சரி, வையுங்கோ. நான் அம்மாவுக்கு எடுக்கப்போறன்."

"அங்கை லைன் பழுதாம். அண்ணா நேற்று எடுத்துப் பாத்தவர். மழையாம். உம்மட கார்ட் தான் வீணாப் போகும்."

"அம்மா சுகமோ?"

"அவ சுகமா இருக்கிறா. நீர் போன இடத்திலை சந்தோசமா இரும்."

நான் அவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிடவில்லை. கொழும்புக்கு எடுத்துப் பார்த்தேன். டொக் டொக் டொக் என்று எங்கேஜ் சத்தம். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அதே சத்தம். மறுநாள் காலையிலும் அதே சத்தம். லைன் பழுதென்றால் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். லண்டனும் ஜேர்மனியும் பாரிசும் அந்த ஒரு இலக்கத்தைத்தான் அழுத்திக்கொண்டிருந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? செத்த வீட்டுக்கு உலகம் முழுக்க எடுத்துத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் இடமில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குச் சுட்ட கருவாடும் சோறும் வைத்தார்கள். விடியவெள்ளனச் சோறும் கருவாடும் தருகிற நாட்டுக்காரர் கெட்டவர்களாக இருக்க முடியாது என்று பிலிப்பீன்ஸ்காரியிடம் சொன்னேன். இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். தாய் செத்த துடக்கில் மரக்கறி தவிர வேறொன்றும் வாயில் வைக்கக்கூடாதவள், கருவாட்டு முள்ளைச் சூப்பிக்கொண்டிருந்தேன். பின்னேரம் இன்னொரு தரம் குளித்தேன். இந்த முறை துணியை அறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். குளித்து வந்த ஈரத்தலையோடு கடல் தெரியும் மாடத்தில் நிற்கவைத்து மொழிபெயர்ப்புப் பெண் படம் எடுத்தாள். சிரிக்கச் சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

ரொறொன்ரோ விமான நிலையத்துக்கு என் கணவரும் அண்ணாவும் வந்திருந்தார்கள். அண்ணா வேலைக்குப் போகாமல் வந்திருந்தது எனக்குப் புதினமாக இருந்தது. முகம் வழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது. "என்ன அண்ணா, சாமியாராப் போற யோசனையோ?" என்று கேட்டேன். "நித்திரை குறைவு" என்று சொல்லிவிட்டு வானை ஸ்டார்ட் பண்ணினார். நெடுஞ்சாலை முழுக்க நான்தான் கதைத்தேன். செருப்புக் கதை, முடிச்சை இறுக்கின கதை, பெருத்த மனுஷி எழும்பி நின்ற கதை. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வெட்கம் கெட்ட கதை என்று கோபமாக்கும் என்று நினைத்து, அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

வீட்டில் மச்சாள், அண்ணாவின் மனைவி, சமைத்து வைத்திருந்தார். பிள்ளைகள் பக்கத்து வீட்டு அன்ரியிடம். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையே?" என்று கேட்டேன்.

"மீன் திண்டு அலுத்திருப்பியள் எண்டு வைச்சனான்" என்றார் மச்சாள், சட்டியைப் பார்த்துக்கொண்டு.

கையால் சோறு குழைத்துச் சாப்பிட்டு நாளாகியிருந்தது. ஆசையாகச் சாப்பிட்டேன். குழம்பு திறம் என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். மூன்று பேரும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேள்விப்பட்டால் சாப்பிட மாட்டாள், சாப்பிட்ட பிறகு சொல்லுவோம் என்று பேசி வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது, இரக்கம் என்று பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையே எனக்குத் தீத்தினார்கள்.

கை கழுவிவிட்டு வந்தேன். அண்ணா சொன்னார்: "அம்மா மோசம் போயிட்டா. எல்லாம் முடிஞ்சுது."

நான் அழுவேன் என்று மச்சாள் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது என்று கேட்டேன். நாளைச் சொன்னார்கள். நான் மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டு போனேன். விடுதிக்குப் போக முதல் நாள். விடுதி வாசலில் அவர்கள் குனிந்த நாள். கருவாடு சாப்பிட்ட நாள். படம் எடுத்ததும் அன்றுதான். எண்ணி முடித்தபோது பக்கத்து வீட்டு அன்ரி வந்துவிட்டார். "முழுகு பிள்ளை. கேள்விப்பட்டால் முதல் முழுக வேணும்" என்றார்.

பெட்டியைத் திறந்து அந்தச் சீத்தைத் துணியை எடுத்தேன். சரியாகக் காயவில்லை, அந்த ஊர்த் தண்ணீர் மணம் அதில் இருந்தது. அதை முடிந்துகொண்டு குளியலறைத் தொட்டிக்குள் நின்று தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே அன்ரி காவல் நின்றார். "தலையிலை நல்லா வார் பிள்ளை" என்று கதவுக்கூடாகச் சொன்னார். அப்போதுதான் அழுகை வந்தது. அதுவும் முழுக்க அம்மாவுக்காக இல்லை. பாதி ஆத்திரம்.

அன்றிரவே கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அங்கை தனிய நிண்டு என்ன செய்திருப்பாய்?" என்றார் அண்ணா.

"கொழும்புக்குப் போயிருப்பன்."

"போய்? நீ பொம்பிளைப்பிள்ளை. கொள்ளி வைக்க ஏலுமே? சுடலைக்கே விடமாட்டினம்."

"முகத்தைப் பாத்திருப்பன்."

பிறகு அண்ணா வேறு காரணங்களுக்குப் போனார். கொழும்பு இருக்கிற நிலையில் தமிழ்ப் பெண் தனியே போய் இறங்குவது, செக்கிங், பொலிஸ் பதிவு, கொம்பனிக்காரன் என்ன சொல்லுவான். அதில் சில நியாயமான காரணங்கள்தான். ஆனால் பயப்படுவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவள் நான். அண்ணாவுக்குப் போக முடியாது என்பதால் எனக்கும் போகத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. கடைசியில் பெரியம்மாவின் மகன் கொள்ளி வைத்தார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவர் பிக்கரிங்கில் தாடி வளர்த்தார். உடல், சவம் வைக்கிற மலர்ச்சாலையில் இரண்டு நாள் கிடந்தது. நான் ஒரு விமானத்தில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வெந்நீருக்குள் கிடந்தேன்.

என் கணவர் மட்டும் வேறொன்று சொன்னார். "அந்த ரெண்டு நாளும் நீர் சந்தோசமா இருந்தீர்தானே? வாழ்க்கையிலை ஒருக்கால் போன இடம். அதைக் குழப்பக் கூடாதெண்டுதான் நான் சொல்லேல்லை."

அவர் எனக்கு ஏதோ பரிசு தந்ததுபோல அதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கண்ட ஒரேயொரு சந்தோஷம் அந்த இரண்டு நாள். அதையும் இனி நினைக்க முடியாது. உதட்டில் அந்த உப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் கிடந்த அம்மா வருவார். துக்கத்தையும் பறித்து, சந்தோஷத்தையும் பறித்துவிட்டு, அதற்கு நன்றி எதிர்பார்த்தார்கள்.

துடக்குக் கழிந்து றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனபோதும் அதே கதைதான். தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலம் பிள்ளை, அந்த நேரம் நீ நல்ல இடத்திலை இருந்தாய்" என்றார்கள். ஓம் என்றேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

கொஞ்ச நாள் போக, கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் பெரியம்மா வீடியோ கசெற்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அப்போது எங்கள் ஆட்களின் செத்த வீடுகள் எல்லாம் வீடியோ எடுக்கப்பட்டன. வர முடியாத பிள்ளைகளுக்காகத்தான் அந்த வழக்கமே வந்தது. அந்தக் கசெற் இங்கே ஓடாது. ஸ்காபரோவில் தமிழ்க் கடையொன்றில் கொடுத்து இந்த நாட்டு முறைக்கு மாற்றி எடுக்க வேண்டும். கல்யாணமா செத்த வீடா என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். ரசீதை எழுதித் தந்தார்.

பிக்கரிங்கில் அண்ணா வீட்டுப் பெரிய ரீவியில் போட்டோம். அண்ணா, மச்சாள், நாங்கள் இருவர். பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டோம். மூலையில் திகதி. என் படத்து மூலையில் இருந்த அதே திகதி. கமராக்காரர் அம்மாவின் முகத்தை நல்ல நேரம் காட்டினார். பூவுக்கு நடுவில் முகம் சின்னதாகத் தெரிந்தது. கிட்டவிருந்து பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. பிறகு கமரா ஆட்களுக்குத் திரும்பியது. பெரியம்மா அழுது களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மனுஷி கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

"கனடாவிலையிருந்து ஒருத்தரும் வரேல்லையோ?"

"மகனுக்குப் பேப்பர் இல்லை" என்றார் பெரியம்மா. "மகள் யப்பானிலையாம் நிக்கிறாள். அவளுக்கு அறிவிச்சதாம். வேலையாலை விடேல்லையாம்."

அந்த மனுஷி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யப்பான் கிட்டத்தானே."

கமரா வேறு பக்கம் போய்விட்டது. தேவாரம் பாடினார்கள்.

"திருப்பிப் போடுங்கோ" என்றேன்.

"விடு" என்றார் அண்ணா.

நானே எழும்பிப் போய்த் திருப்பிப் போட்டேன். அறிவித்ததாம். வேலையால் விடவில்லையாம். இன்னொரு முறையும் போட்டேன்.

"பெரியம்மா கேட்டவ. நான் ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்" என்றார் அண்ணா. "உனக்கு மறைச்சம் எண்டு சொன்னால் அவ அதுக்கு வேறை கத்துவா."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சனம் ஆயிரம் கதைக்கும். அதையெல்லாம் மனசிலை வைச்சிருக்கேலாது" என்றார்.

பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். எனக்குத் தெரியாது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று. கோடு இரைந்தது. "சரி பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு" என்றார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மலர்ச்சாலையில் இருந்த மற்றவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? அவர்களுக்கு நான் பக்கத்தில் இருந்தும் தாயைப் பார்க்க வராதவள். அம்மா கூட, நான் எங்கள் பக்கம் வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

கசெற்றை அண்ணா வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவரில் யப்பான் படம் இருக்கிறது. போன கிழமையும் ஆட்கள் வந்தார்கள். கணவர் படத்தைக் காட்டி, சுடுதண்ணி, ராசாத்தி, எல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்தார். வந்த பெண் என் பக்கம் திரும்பி, "எப்பிடி அக்கா யப்பான்?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"கிட்ட" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "எதுக்கு அக்கா கிட்ட?"

"கொழும்புக்கு."

கணவர் எழும்பி, யாருக்காவது இன்னும் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார்.